விடுதியை விட்டுத் துரத்தினால் குடி நின்றுவிடுமா?

கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலையில் தவறாமல் ஓர் அறிவிப்பு வரும். நகரிலும் கிரிவலப் பாதையை ஒட்டியும் உள்ள டாஸ்மாக் கடைகள் சில நாட்களுக்கு மூடப்படும் என்பதே அது. பக்தர்கள் முகம் சுளிக்கக் கூடாதாம். மூடட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அதே கடை முன்னால் கல்லூரிப் பையோடு வந்து நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனைப் பார்த்து முகம் சுளிப்பதோடு இந்த ஊரின் கடமை முடிந்துவிடுகிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் விதி. இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோர் 18 முதல் 20 வயதுக்காரர்கள். இந்த ஊரில் எந்தக் கடையிலும் வயதுச் சான்று கேட்டு நான் பார்த்ததில்லை. 2003இல் மது சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட அரசுக்கு 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். விற்பவரும் அரசு, வாங்குபவரின் வயதைச் சோதிக்க வேண்டியவரும் அரசு, வாங்கிக் குடித்தவனை அரசு விடுதியிலிருந்து நீக்குபவரும் அரசு. இந்த மூன்றில் கடைசி வேலை மட்டும் ஒழுங்காக நடக்கிறது.

யார் இந்த மாணவர்கள்? செங்கம், தண்டராம்பட்டு, கலசப்பாக்கம், போளூர், ஜவ்வாதுமலை என்று மாவட்டம் முழுவதிலுமிருந்து இங்கே படிக்க வருகிறவர்கள். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், அல்லது செங்கல் சூளையில். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் இவனாகத்தான் இருப்பான். 2023 ஜனவரி 30 அன்று தண்டராம்பட்டு பக்கத்துத் தென்முடியனூரில், தலித் மக்கள் தங்கள் ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாக, அதுவும் காவல்துறை சூழ, நுழைந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து கிளம்பி வந்து, நகரத்தில் ஓர் அறையில் எட்டுப் பத்துப் பேரோடு தங்கிப் படிக்கிறவனைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எனக்குத் தெரிந்து நடந்த ஒன்று. கல்லூரியின் பெயர் வேண்டாம். இரண்டு மாணவர்கள், ஒரே வகுப்பு, ஒரே இரவு, ஒரே பாட்டில். ஒருவனுடைய பெரியப்பா ஊரில் செல்வாக்குள்ளவர். காரில் வந்து முதல்வரைப் பார்த்தார், பையன் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான், மறுநாள் வகுப்பில் உட்கார்ந்தான். இன்னொருவனுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவர் வந்து வராண்டாவில் இரண்டு மணி நேரம் நின்றார். “உங்க ஆளுங்களுக்கு இது ரத்தத்துலயே இருக்கும்மா, நாங்க என்ன பண்றது” என்று ஒரு பேராசிரியர் அவரிடம் சொன்னார். பையனை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அவன் இப்போது ஓசூரில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான். குடி நின்றதா என்றால், இல்லை. முன்பு மாதம் இரண்டு முறை குடித்தவன் இப்போது கூலி கைக்கு வரும் நாளெல்லாம் குடிக்கிறான்.

‘ரத்தத்திலேயே இருக்கிறது’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வசதியான வீட்டுப் பையன் குடித்தால் அது பார்ட்டி, பருவக் கோளாறு, கூட்டாளி சரியில்லை. சேரிப் பையன் குடித்தால் அது சாதிக்குணம். சேரி என்றாலே பாட்டிலும் சண்டையும் என்று காட்டிப் பழகிய தமிழ் சினிமாவுக்கும் இதில் பங்குண்டு. சாவுக்குப் பறையடிக்கக் கூப்பிட்டுக் கூலியில் பாதியைச் சாராயமாக ஊற்றியவர்கள் யார் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் அறிந்த மாணவர்களில் சிலருக்கு முதல் மடக்கு கிடைத்த இடமே சாவு வீடுதான். பதினாறு வயதில் அப்பாவோடு மேளத்துக்குப் போன இடத்தில், ஊர்க்காரர் நீட்டிய டம்ளர்.

மதுவுக்கு எதிரான பேச்சு நமக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. கள்ளுக்கடை மறியல் காலத்தில் பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், நம் மக்கள். அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டில் பெண்கள் எவ்வளவு பேர் திரண்டார்கள் என்பதையும் பார்த்தோம்.

மதுவிலக்கு வேண்டுமா, படிப்படியாகக் கடைகளைக் குறைப்பதா, கள்ளை அனுமதிப்பதா என்ற விவாதம் நடக்கட்டும். எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் அந்த விவாதம் முடியும்வரை இந்தப் பையனால் காத்திருக்க முடியாது, அவனுக்கு மே மாதம் தேர்வு. போராட்டம் அரசை நோக்கி நடக்கும்போதே, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனுக்கு இந்த வாரம் என்ன செய்வது என்ற கேள்விக்கும் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். இயக்கத் தோழர்கள் பலரிடம் அந்தப் பதில் இல்லை. மேடையில் டாஸ்மாக்கைக் கிழித்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ‘தோழர், ஒரு ரவுண்டு’ என்று கிளம்புகிறவர்களை நான் மட்டுமா பார்த்திருக்கிறேன்?

முதலில் அளவைப் பேசுவோம். ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்பார்கள். டாஸ்மாக்கின் 180 மில்லி பிராந்தியில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வகைப்படுத்துகிறது. கடையில் கிடைக்கும் சிறிய பாட்டிலே அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. ‘கட்டிங்’ போட இன்னொருவன் கிடைத்தால் அதில் பாதி, கிடைக்காதவன் முழுதையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளுகிறான். ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும். இரவு பதினொரு மணிக்குக் குவார்ட்டர் அடித்தவனின் உடம்பில் காலை ஆறு மணிக்கும் மிச்சம் இருக்கலாம். அந்த நேரத்தில்தான் நண்பனின் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறான். மோர், எலுமிச்சை, காபி, தலையில் தண்ணீர், எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

காசுக் கணக்கு இன்னும் எளிது. 2024 பிப்ரவரியில் விலை ஏறிய பிறகு சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய். வாரம் இரண்டு என்றால் மாதம் எட்டு, 1,120 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அரசு தரும் தொகை மாதம் 1,000. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் 120 ரூபாய் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது. நான் மாலை நேரங்களில் சந்திக்கும் மாணவர்களிடம் ஈரலைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். இந்தக் கணக்கை அவர்களையே எழுதச் சொன்னால் சிரிப்பதில்லை.

அடுத்த வாதம் ‘எல்லாரும்தான் குடிக்கிறாங்க’. இது உண்மையில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். நான்கில் மூன்று ஆண்கள் குடிப்பதில்லை. ஆனால் குடிக்காதவன் சத்தம் போடுவதில்லை, ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. விடுதியில் பத்துப் பேர் குடித்து ஆடினால் மீதி எண்பது பேர் கண்ணில் படுவதில்லை. சக மாணவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கேட்டால் மாணவர்கள் உள்ளதைவிட அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள் என்று அமெரிக்காவில் பெர்கின்ஸும் பெர்கோவிட்ஸும் 1986இலேயே எழுதினார்கள். தன்னைத் தவிர எல்லோரும் குடிக்கிறார்கள் என்று நம்புகிறவன், ஒதுக்கப்படாமல் இருக்கக் குடிக்கிறான். பிறந்த ஊரிலேயே ஒதுக்கப்பட்டவனுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. முதலாண்டில், டம்ளரைப் பகிர்ந்து குடிக்கும் அந்த வட்டம், சாதி கேட்காமல் அவனைச் சேர்த்துக்கொண்ட முதல் இடமாகவும் இருந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘கூட்டாளிகளை விடு’ என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. அந்தக் கூட்டாளிகளை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கோயில் நகரத்தில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறார்கள். தினம் குடித்தவனும் அந்த 48 நாள் தொடுவதில்லை. பகுத்தறிவாளர்கள் இதைக் கேலி செய்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அதில் ஆர்வம் தருவது வேறு. அவன் நிறுத்தியது எப்படி? கழுத்தில் மாலையைப் பார்த்ததும் யாரும் ‘ஒரே ஒரு மடக்குடா’ என்று வற்புறுத்துவதில்லை. மறுப்பதற்கு அவன் காரணம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாலை நேரத்தில் போவதற்கு வேறு இடம் இருக்கிறது, கூட உட்கார வேறு ஆட்கள் இருக்கிறார்கள், சாப்பாடு இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது. இதில் கடவுளின் வேலை எவ்வளவு, கூட்டத்தின் வேலை எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள். மாலையைக் கழற்றிய அன்றே பாதிப் பேர் கடைக்குப் போய்விடுகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான், ஏனென்றால் மாலையோடு அந்த இடமும் ஆட்களும் சேர்ந்தே போய்விடுகிறார்கள். மாலை போடாமலேயே, சாதியும் தீட்டும் பார்க்காமல், வருடம் முழுக்க அப்படி ஓர் இடத்தை நம்மால் வைக்க முடியாதா? இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும் படிப்பகம், ஒரு கேரம் பலகை, போட்டித் தேர்வுப் பயிற்சி, பறைப் பயிற்சி, வெள்ளிக்கிழமை ஒரு படம். நம் முன்னோர் படிப்பகங்களையும் மன்றங்களையும் சும்மா கட்டவில்லை.

தினமும் குடித்துப் பழகிய ஒருவன் மாலை போட்டோ சபதம் போட்டோ திடீரென்று நிறுத்தினால் ஆபத்தும் உண்டு. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். அவனுக்கு மருத்துவர் தேவை. பெரும்பாலான கல்லூரி மாணவர்கள் அந்த நிலையில் இல்லை. வாரம் ஒரு நாள், இரண்டு நாள் அளவு மீறிக் குடிக்கிறவர்கள்தான் அதிகம். இவர்களுக்குத் தேவைப்படுவது மறுவாழ்வு மையம் இல்லை, மரியாதையான ஓர் உரையாடல். நான் நன்மொழியாகச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோவாவில் சங்காத் அமைப்பினர், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீங்கு தரும் அளவுக்குக் குடித்த 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு அதனுடன் நான்கு அமர்வுகள் வரை ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 26 விழுக்காட்டினர். 2017இல் லான்செட் இதழில் வெளியான முடிவு இது. மாயமில்லை, எல்லோரும் திருந்திவிடவில்லை. ஆனால் அதிகச் செலவில்லாத நான்கு உரையாடல்களுக்கு இது நல்ல பலன்.

மாணவர்களிடமே இதைச் செய்து பார்த்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லட். அவர் குழு, குடிக்கும் மாணவனைக் கூப்பிட்டு நல்லவனாக இரு என்று சொல்லவில்லை. எப்போது, யாரோடு, எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டு, அவன் சொன்னதையே எழுதி அவன் முன் வைத்தார்கள். குறைக்க வேண்டுமா, எவ்வளவு, எப்படி என்பதை அவனே முடிவு செய்தான். முழுதாக நிறுத்தினால்தான் வெற்றி என்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. வெறும் வயிற்றில் குடிக்காமல் இருப்பது, குடித்தால் வண்டியைத் தொடாமல் இருப்பது, தேர்வு வாரத்தில் தவிர்ப்பது, நாலு நாளை ஒரு நாளாக்குவது என்று ஒவ்வொன்றும் கணக்கில் வந்தது. நம் தோழர்களில் சிலருக்கு இது சமரசமாகத் தெரியும். குடித்து வண்டி ஓட்டிச் செத்தவனை எந்தக் கொள்கை உறுதியும் திருப்பிக் கொண்டுவராது என்பதே அவர்களுக்கு என் பதில்.

இதற்கு நேர்மாறாக நம் ஊரில் என்ன கிடைக்கிறது? பேருந்து நிலையச் சுவரில் ‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்ற விளம்பரம். அப்படிக் கலந்து கொடுக்கும் மருந்து டைசல்பிரமாக இருந்து, அது தெரியாமல் அவன் குடித்தால், உயிருக்கே ஆபத்தாகலாம். இல்லாவிட்டால் உரிமமே இல்லாத ‘மறுவாழ்வு மையம்’, அங்கே அடி உதை. தாய்மார்கள் தாலியை அடகு வைத்து இவற்றுக்குக் கட்டுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இலவசமாக மருத்துவரைப் பார்க்கலாம் என்பதும், 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம் என்பதும் அவர்களுக்கு யார் சொன்னது? மாணவிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். குடிப்பது தெரிந்தால் பையனுக்கு இடைநீக்கம், பெண்ணுக்குக் கல்யாணம். அதனால் உதவி கேட்டு அவர்கள் வாயே திறப்பதில்லை.

2025 ஜூலையில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் எல்லாம் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் மாற்றப்பட்டன. மொத்தம் 2,739 விடுதிகள், ஏறத்தாழ 1.8 லட்சம் மாணவர்கள். பெயர்ப் பலகையிலிருந்து சாதி போனதை வரவேற்கிறேன். ஆனால் பலகைக்கு உள்ளே? மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கென்று 2022 டிசம்பரிலேயே ‘மனம்’ என்ற மனநல ஆதரவுத் திட்டத்தை அரசு தொடங்கியது. வருங்கால மருத்துவருக்கு மன அழுத்தம் வரும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. ஜவ்வாதுமலையிலிருந்து வந்து பி.ஏ. வரலாறு படிப்பவனுக்கும் வரும். ஒவ்வொரு விடுதிக்கும் வாரம் ஒரு நாளாவது வந்து உட்காரும் ஓர் ஆலோசகர், விடுதிக்கு இரண்டு மூத்த மாணவர்களுக்குக் கோவா பாணியில் பயிற்சி, கடைகளில் 21 வயது விதி. இவற்றைக் கேட்டு மனு கொடுக்கப் பெரிய இயக்கம் தேவையில்லை, விடுதி மாணவர்கள் இருபது பேர் போதும்.

அந்த மனுவில் முதல் கோரிக்கையாக இன்னொன்றை வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மயங்கிக் கிடக்கும் நண்பனுக்காக உதவிக்கு அழைத்தவன் மீதும், அந்த நண்பன் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இருக்காது என்று கல்லூரி எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் இப்படி ஒரு விதி கொண்டுவந்தது. அதன் பிறகு, குடித்து ஆபத்தில் இருப்பவர்களுக்காக உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடின. நம் விடுதிகளில் என்ன நடக்கிறது? வாந்தி எடுத்துக் கிடப்பவனைப் போர்வையால் மூடி, வார்டனுக்குத் தெரியாமல் கதவைச் சாத்துகிறார்கள். இடைநீக்கத்துக்குப் பயந்து ஓர் உயிரோடு சூதாடுகிறார்கள். தவறு அந்தப் பையன்களுடையது இல்லை, அந்தப் பயத்தை உண்டாக்கிய விதியினுடையது.

விதி மாறும்வரை, விடுதியில் இருக்கும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். எழுப்பினாலும் எழாதவன், மூச்சு விட்டுவிட்டு வருகிறவன், உதடு நீலம் பாய்ந்தவன், உடம்பு சில்லிட்டவன், வலிப்பு வந்தவன், இவர்களில் யாரும் தூங்கிக் கொண்டிருக்கவில்லை. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் ‘தூங்கினால் தெளிந்துவிடும்’ என்று விடாதீர்கள். மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது, வாந்தி மூச்சுக்குழலை அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முழங்காலை மடக்கி விடுங்கள், வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள், குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். இன்னொருவர் 108ஐ அழையுங்கள், என்ன குடித்தான், எவ்வளவு, எப்போது என்று மறைக்காமல் சொல்லுங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். வார்டன் கேட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.